அவள் பெயரைப் போட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், மனசு எப்படி இருக்கிறது என்று நீயும் கேட்காதே, நானும் கேட்கவில்லை. உன் போன் அணைத்தே கிடக்கிறது. பெரியம்மா மகன் வேலை விஷயமாக நாளைக் காலையில் உன் ஊருக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவன் அங்கே வந்ததும் அவன் போனிலேயே உன்னிடம் பேசிவிடேன் என்று அப்பா சொன்னார். பேசலாம்தான், ஆனால் போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய், கடிதத்தை உன்னால் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், வெள்ளிக்கிழமை போடப்போகிறேன் என்றாயே, அதைப் போடாதே. உன்னோடு வீட்டில் இருந்த அந்த நர்ஸ் பெண் நம் விலாசத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தது யார் என்று இன்று தெரிந்துவிட்டது. கொஞ்சம் பொறு, வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

பயந்து அழுகிற பிள்ளைகளை அந்த நீச்சல் கோச் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறார், நானே பார்த்தேன் என்று நீ இணையத்தில் எழுதினபோது எனக்குப் பெருமையும் பயமும் சேர்ந்தே வந்தது. அதே குளத்தில் நீயும் வேலை பார்த்துக்கொண்டு அதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவருக்கு நடிகர் மாதிரி இத்தனை ரசிகர்கள் இருப்பார்கள் என்று யார் கண்டது. உன்னைத் திட்டினார்கள், சரி. பிறகு நம் வீட்டு விலாசத்தையும் கடை போன் நம்பரையும் பரப்பினார்கள். அன்றிலிருந்து போன் ஓயவில்லை, எடுத்தால் வெறும் மூச்சுச் சத்தம், இல்லாவிட்டால் காது கூசும் பேச்சு. நாங்கள் கேட்காத சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. ஆம்புலன்ஸ் வந்தது, நோயாளி எங்கே என்று கேட்டார்கள், இப்போதைக்கு யாரும் இல்லை, இப்படியே போனால் நானே வந்து படுத்துக்கொள்கிறேன் என்றேன். திங்கட்கிழமை ஒரு மலர் வளையம் வந்தது, நடுவில் உன் பெயர். வாங்கினது நான்தான். அப்பா முன்பக்கம் கண்ணாடிக் கடையில் யாருக்கோ கண் சோதித்துக்கொண்டிருந்தார், அவர் பார்ப்பதற்குள் உள்ளே கொண்டுபோய்த் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போட்டேன், இது சீருடை தைக்கும் சமயம், வீடு முழுக்கத் துணிதான். அந்த நினைப்பிலேயே அன்று ஒரு கட்டுத் துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன், அத்தனை சட்டைக்கும் இடது கை மட்டும்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

வளையம் வந்ததை உனக்குப் போனில் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். நீ சட்டென்று அவள்தான் என்றாய். என் சிநேகிதங்கள்ல நம்ம ஊர் வீட்டுக்கு வந்து தங்கினவ அவ ஒருத்திதான், கோச் பக்கத்தையும் கேட்டுட்டு எழுதியிருக்கலாம்னு சொன்னவளும் அவதான், வேற யாரு செய்வா என்று கேட்டாய். அவளை வெளியே போகச் சொல்லியாச்சு, வெள்ளிக்கிழமை அவ பேரு, போட்டோ, வேலை பாக்கற ஆஸ்பத்திரி எல்லாத்தையும் போடறேன், பட்டாத்தான் தெரியும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அப்போதே நான் உன்னைத் தடுத்திருப்பேன், ஆனால் வளையத்தைப் பார்த்த வயிற்றெரிச்சலில் எனக்கும் அவள்மேல் சந்தேகமாகத்தான் இருந்தது.

இன்று காலையில் நானும் அப்பாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இந்த மாதிரிப் புகார்களைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு பெண் அதிகாரி இருக்கிறார், பொறுமைசாலி. நீ எழுதினதற்குக் கீழே வந்த பதில்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார், சத்தமாகப் படித்தார். என் மகள் பொய் சொல்ல மாட்டாள், மறுப்பு இருந்தால் மரியாதையாக எழுதவும், இப்படிக்கு, என்று போட்டு அப்பாவின் முழுப் பெயர், கடைப் பெயர், கதவு எண், தெரு, போன் நம்பர், அதற்கும் கீழே மதியம் கடை அடைத்திருக்கும் நேரம் வரை. இதை யாருங்க போட்டது என்று அந்த அதிகாரி கேட்டார். உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, நான்தாங்க, பெத்தவன் நான் போடாம வேற யாரு போடுவா என்றார். பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதியே பழகினவர் இல்லையா, பெயரும் விலாசமும் இல்லாத கடிதம் குப்பைக்கூடைக்குத்தான் போகும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறினது. ஒரு தடவை என்றாலும் பரவாயில்லை, உன்னைத் திட்டின ஒவ்வொருவனுக்கும் கீழே போய் விடாமல் அதையே போட்டிருக்கிறார். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அதிகாரிதான் மெதுவாக, ஐயா, அவங்க உங்க வீட்டைத் தேடவே இல்ல, நீங்களே கொடுத்திருக்கீங்க என்றார். வீட்டுக்கு வந்து நர்ஸ் பெண் விஷயத்தை நான் சொன்னதும் பதறிப்போய், தப்பு என்னோடதுன்னு இப்பவே எல்லாருக்கும் எழுதறேன் என்று உட்கார்ந்தார், எட்டிப் பார்த்தால் அதிலும் கடைசியில் கதவு எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறார். போனைப் பிடுங்கி என் தையல் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

அவர்மேல் கோபப்படாதே பாப்பா, நான் ஏற்கெனவே உனக்கும் சேர்த்துப் பட்டாயிற்று. ஸ்டேஷனில் இன்னொன்றும் நடந்தது. மிரட்டினவர்கள், விலாசத்தைப் பரப்பினவர்கள், வளையம் அனுப்பினவன், இவர்கள்மேல் புகாரை எழுதிக்கொண்டார். வெறுமனே திட்டினவங்க, மறுத்துப் பேசினவங்க மேல நான் கேஸ் போட முடியாது, போடவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பா விடவில்லை, புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசுகிற எல்லாருடைய வாயையும் அடைக்க வேண்டும் என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பெயர் சொல்லாமல் உனக்கு எழுதினதால்தானே நீ கோச்சைக் கவனிக்கவே ஆரம்பித்தாய், பெயரோடுதான் பேச வேண்டும் என்றால் அவர்களில் யார் வாயைத் திறந்திருப்பார்கள். அப்புறம் ஒரு பெண் உன்னை மறுத்து நீளமாக எழுதியிருக்கிறாளே, என் மகனுக்குத் தண்ணி பயம் தெளிஞ்சதே அவராலதான் என்று, அதையும் படித்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அதை நீக்கிவிடாதே, பதில் சொல். நீ எழுதினதையும் எடுத்துவிடாதே, கண்ணால் பார்த்ததைத்தானே எழுதினாய். திட்டுகிறவன் திட்டட்டும், நாமும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்போம். ஆனால் ஒருத்தர் வீட்டு வாசலைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொடுக்கிறவனை விடக் கூடாது. வெள்ளிக்கிழமை நீ செய்ய இருந்தது அதில் எது என்று நீயே யோசித்துப் பார். அவளே கொடுத்திருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன், இப்போது அவள் ஒரு பாவமும் அறியாதவள் என்று வேறு ஆகிவிட்டது.

அவளை மத்தியானம் கூப்பிட்டேன், நம் வீட்டுக்கு வந்தபோது வாங்கி வைத்த நம்பர். ஆஸ்பத்திரி ஓய்வறையில்தான் படுத்துக்கொள்கிறாளாம், மாற்றுத் துணிகூட உன் வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நான் அப்பா செய்ததைச் சொல்லி அழுதேன், அவள் அழவில்லை, கோபமாக இருந்தாள், இருக்கத்தான் செய்யும். கோச் பக்கத்தையும் கேட்டிருக்கணும்னு இப்பவும் சொல்றேன்மா, அவகிட்ட நேருக்கு நேராத்தான் சொன்னேன், இனிமேலும் அவகிட்டதான் சொல்லுவேன் என்றாள்.

குளத்துக்குத் தனியாகப் போய் வராதே, கூட யாரையாவது வைத்துக்கொள். மிரட்டல் வந்ததை அழிக்காமல் அந்த ஊர் போலீசிலும் காட்டு. வேளாவேளைக்குச் சாப்பிடு. அப்பா கடை வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டியை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார், உன் குரலைக் கேட்டால்தான் அடங்குவார், எனக்கும் இரண்டு நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நீ தைரியம் குறையாமல், யாருக்கும் கெடுதல் நினைக்காமல் நீடித்து நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மறந்துவிடாதே. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டது என் பங்குக்கு, உன் பங்கு பாக்கி இருக்கிறது. அண்ணன் கடிதத்தை நீட்டினபோது அவன் பின்னால் யாரையும் நீ பார்த்திருக்க மாட்டாய், நான்தான் கீழேயே நிற்கச் சொன்னேன். வருகிற வழியில் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கையோடு அழைத்து வரச் சொல்லியிருந்தேன். இதைப் படித்து முடிக்கும்வரை அவள் மாடிப்படியில் காத்திருப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். படித்தது போதும், போய்க் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா