மூன்றாம் எண் அஞ்சலி

2 மார்ச் 2025, ஞாயிறு

போதும். ஓராண்டாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். யாரிடமும் சொல்லாததை இங்காவது எழுதுகிறேன்.

23ஆம் தேதி அக்காவின் முதலாண்டு நினைவு நாள். அவள் கணவர் தயாளன் மாமா தன் ஊரான ஜுருவிலிருந்து போன் செய்தார். இறுதிச் சடங்குக்குப் பிறகு என்னோடு பேசுவது இதுதான் முதல் முறை. நாளிதழில் நினைவஞ்சலி போடுகிறாராம். அக்காவின் படம் வேண்டுமாம். அத்தனை வருடம் குடும்பம் நடத்தியவரிடம் ஒரு நல்ல படம் இல்லை!

"படத்துக்குக் கீழ என்ன எழுதப் போறீங்க?" என்றேன்.

"பேப்பர் ஏஜெண்டுகிட்ட ஃபைல் இருக்கு மச்சான். எல்லாக் கவிதைக்கும் நம்பர் போட்டு வச்சிருக்கான். நம்பர் சொன்னா போதும் லா. மூணு நல்லாருக்குன்னான்."

என் அக்கா ஜெயலெட்சுமி பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தே தேய்ந்தவள். அவளுடைய ஓவர்டைம்தான் என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அதே ஓவர்டைம்தான் மாமாவின் கார்க்கடைக்கும் கூரை போட்டது. அவளுக்கு மூன்றாம் எண்ணா?

"நான் எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நீயா? கவிதைலாம் எப்பலேர்ந்து?" என்று சிரித்தார்.

இன்றிலிருந்து.

3 மார்ச்

ஒரு வரியும் வரவில்லை.

6 மார்ச்

வேதியியல் பாடம் நடத்துகிறவன் நான். சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிப் பழகியவன். இங்கே 'விண்ணில்' என்று தொடங்கினால் 'மண்ணில்' தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'கண்ணில்' வாசலில் காத்திருக்கிறது. மூன்றாம் எண்ணும் இப்படித்தான் பிறந்திருக்கும். சீ.

9 மார்ச்

கொட்டித் தீர்த்துவிட்டேன். இரண்டு பக்கம். கார்க்கடை, அக்கா கிடந்த ஆஸ்பத்திரிப் பக்கமே மாமா வராத நாட்கள், சடங்கில் என்னைப் பின்னால் போய் நிற்கச் சொன்னது — எல்லாம். எழுதிய வேகத்தில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது. அதனால் நல்ல கவிதை என்றே நினைக்கிறேன்.

10 மார்ச்

எங்கள் பள்ளித் தமிழாசிரியை ஜெகதீஸ்வரி வானொலியில் கவிதை வாசிப்பவர். அவரிடம் காட்டினேன். டீ கிளாஸைக் கீழே வைக்காமலே படித்து முடித்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இது போலீஸ் ரிப்போர்ட் லா."

"உண்மையத்தானே எழுதியிருக்கேன்?"

"உண்மைதான். ஆனா மொத வரியிலேர்ந்து கடைசி வரைக்கும் உங்க மாமாதான் வர்றாரு. அக்கா எங்க சார்? அஞ்சலி யாருக்கு?"

தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வானொலியில் நாலு கவிதை வாசித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா?

11 மார்ச்

தேடிப் பார்த்தேன். 'அக்கா' ஒரே ஓர் இடத்தில் வருகிறாள். அதுவும் 'அக்காவின் கணவர்' என்று.

15 மார்ச்

நான் மாணவனாக இருந்தபோது தொழிற்சாலையில் குடும்ப நாள் நடத்தினார்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களை நிறுத்தி, உள்ளே தூசு படாத அறையில் வேலை நடப்பதைக் காட்டினார்கள். அதை எழுதினேன்.

வெள்ளை உடுப்பு, வெள்ளை முகமூடி,
கண்கள் மட்டும் நடமாடும் அறை.
இதில் எவள் என் அக்கா?
இடது காலைச் சற்றே இழுத்தபடி
ஒருத்தி கண்ணாடி அருகே வந்தாள்.
உள்ளே சிரித்திருப்பாள்,
கண் சுருங்கியது.

இது கவிதைதானா? எதுகை இல்லை. ஆனால் மாமாவும் இல்லை.

17 மார்ச்

மாமாவுக்குப் படத்தையும் கவிதையையும் அனுப்பினேன். உடனே போன்.

"என்னா மச்சான் இது? கால இழுத்து நடந்தான்னுலாம் பேப்பர்ல போடுவாங்களா? சொந்தக்காரங்க என்னைப் பாத்து சிரிக்கணுமா? மூணே போட்டுக்கறேன். படம் நல்லாருக்கு."

அந்த நடையை அவர் ஒரு நாளாவது பார்த்திருப்பாரா?

23 மார்ச், ஞாயிறு

பேப்பரில் வந்துவிட்டது. நான் கொடுத்த படம். கீழே 'எங்கள் குலவிளக்கே, அணைந்தாயோ' என்று எட்டு வரி. அதற்குக் கீழே கணவர், கணவர் வீட்டார், கார்க்கடையின் பெயர், கடை ஊழியர்கள். என் பெயர் இல்லை.

பக்கத்தைத் திருப்பினால் மறுபடியும் அதே குலவிளக்கு, அதே எட்டு வரி. இம்முறை மேலே பட்டர்வொர்த் ஊர் ஐயா ஒருவர் படம், முறுக்கு மீசையோடு.

என்ன மனுசன் இவரு? என் பேர விட்டா விட்டுத் தொலையட்டும். அவள எப்படி விடலாம்? அந்த எட்டு வரில எங்க இருக்கா அவ?

24 மார்ச்

அக்காவின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் பேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அங்கே போடலாம். அந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக் கழற்றியவர்கள் அவர்கள்.

முதலில் கவிதைக்குக் கீழே என் முழுப் பெயர், பட்டம், 'உடன்பிறந்த தம்பி' என்று எல்லாவற்றையும் தட்டினேன். மாமா கண்ணில் படட்டும் என்றுதான். பிறகு வாசித்துப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் பெயரைத்தான் முதலில் படிப்பார்கள். "பாத்தியா, தயாளனுக்குப் பதிலடி" என்பார்கள். அக்கா மறுபடியும் காணாமல் போவாள்.

மாமாவை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை. ஆனால் இந்த ஏழு வரிக்குள் அவருக்கு இடமில்லை. என் பெயர் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்.

அழித்துவிட்டேன். பெயரில்லாமலே போடுகிறேன்.