சாம்ராஜின் கண்ணும் பாலவனத்தத்துக் கண்களும்

ஜூன் 12, 2025

திருச்சுழியில் ஒரு சாவு வீடு. ஒன்றரை மணி நேரம் பேசிக் கண்தானத்துக்குச் சம்மதம் வாங்கினேன். பதினோரு வருடத்தில் இது எழுபத்திரண்டாவது வீடு. நர்ஸ் வேலைதான் சோறு போடுகிறது, ஆனாலும் என் பெருமையெல்லாம் இதில்தான். எழுதிக்கொள்வதில் என்ன வெட்கம்?

என் வீட்டுக்காரர் சாம்ராஜ் மட்டும் மசியவில்லை. கருவிழி மெலிந்து கூம்பிப்போய், லோடு வண்டி ஓட்டுவதை நிறுத்தி எட்டு மாதம். மாற்றுக் கருவிழிக்குப் பெயர் கொடுங்கள் என்றால், "எவன் சாவான்னு காத்துக் கெடக்கச் சொல்றியா ஷீலா? ஏலாது" என்கிறார். ஊரெல்லாம் கேட்டு வாங்குகிறவளின் புருஷன்!

ஜூலை 3

கண் டாக்டர் தேவிபிரியா கூப்பிட்டார். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறார்களாம். பன்றித் தோலிலிருந்து புரதம் பிரித்து, கருவிழி மாதிரியே மெல்லிய வில்லை செய்து உள்ளே செருகுவார்கள். இறந்தவர் கண் தேவையில்லை. பலிக்காமலும் போகலாம் என்றார்.

இவர் உடனே சரி என்றார். "கறி திங்கிறவனுக்குத் தோலு ஒத்துக்கிராதா?"

சந்தோஷம்தான். ஆனால் — இத்தனை வருடம் நான் செய்தது வீணா? சுருக்கென்றது.

ஆகஸ்ட் 21

வலது கண்ணில் வைத்தாயிற்று. ஜெபம் தவிர வேறெதுவும் ஓடவில்லை.

நவம்பர் 9

கண்ணாடி போட்டுக்கொண்டு, தூரத்தில் வந்த பஸ்ஸின் பலகையை வாசித்தார்: "காரியாபட்டி!" பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் அழுதேன்.

டீக்கடை டீக்கடையாகப் பீற்றல். "இனிமே செத்தவுக கண்ணே வேணாம்யா, செஞ்சே வச்சுர்றாக!" நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 26

பாலவனத்தத்தில் பொன்னுத்தாய் என்ற அம்மா காலை ஏழு மணிக்கு இறந்துவிட்டார். நான் போய்க் கேட்டதும் மகன் மாரிசெல்வம் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒங்க வீட்டுக்காரரே டீக்கடையில சொன்னாகளேக்கா, இப்பக் கண்ண செஞ்சே வைக்கிறாகன்னு. எங்கம்மா கண்ண எதுக்குத் தோண்டணும்?"

ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அப்போதே மணி ஒன்பது. போனில் இவரைத் திட்டித் தீர்த்தேன். "ஒங்க வாயால ரெண்டு பேரு பார்வை போச்சு!"

பஸ் பிடித்து வந்துவிட்டார். நேராகப் போய் மாரிசெல்வத்தின் கையைப் பிடித்தார்.

"தம்பி, நான் அரைகுறையா ஒளறிட்டேன். எனக்கு வச்சது மெலிஞ்ச கண்ணுக்கு மட்டுந்தான், அதுவும் சோதனைக்கு. புண்ணாகி வெளுத்துப்போன கண்ணுக்கு இன்னமும் மனுசக் கண்ணுதான் வேணும். ஒங்க அம்மா கண்ணக் குடுங்கய்யா. எனக்காகக் கேக்கல."

நான் ஓரமாக நின்றேன். எனக்குப் பேச வேலையே இல்லை. மாரிசெல்வம் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பதினொன்றேகாலுக்குக் கண் எடுக்கும் குழு வந்துவிட்டது.

நவம்பர் 27

விடிந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு, என் பையிலிருந்து கண்தானப் படிவங்களை எடுத்தார். எங்கே என்றேன்.

"பீத்துன கடைக்கெல்லாம் போயித் திருத்திச் சொல்லிட்டு வாரேன். ஏழு கடை இருக்கு. மத்தியானச் சோத்துக்குத் தேடாத."