பத்தில் இரண்டு பங்கு

ஜனவரி 9, வெள்ளி. குன்னூர்.

அடுத்த மாதம் எஸ்டேட்டிலிருந்து ரிட்டையர் ஆகிறேன். வரும் பணத்தைப் பத்து வருஷத்துக்குத் தொடப்போவதில்லை. மனைவி மேரியின் டீச்சர் சம்பளமே வீட்டுக்குப் போதும். மொத்தத்தையும் பேங்க் டெபாசிட்டில் போடுவதென்று இருந்தேன். பத்தில் இரண்டு பங்காவது மியூச்சுவல் ஃபண்டில் இருக்கட்டும் என்று மேரி ஒரு வாரமாகச் சொல்கிறாள். விலைவாசி ஏறுகிற வேகத்துக்கு வட்டி ஈடுகொடுக்காதாம். நேற்றுகூட அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

இன்று காலை நர்சரிக்குப் போனேன். உறைபனிக்குப் பயந்து தேயிலை நாற்றுகளைக் காய்ந்த புல்லால் மூடச் சொன்னவன் நான். பகலிலும் எடுக்க வேண்டாம் என்றதும் நான்தான். பத்து நாள் கழித்து இன்று விலக்கிப் பார்த்தால் ஒன்றுகூடக் கருகவில்லை. ஆனால் எல்லாம் வெளிறிப்போய் நிற்கிறது. அங்கே வேலை செய்யும் பழனியம்மா சொன்னாள்: “ஏனுங்க சார், பனி ராத்திரிலதானுங்க விழுகுது. வெயிலையுமா அடைச்சு வெக்கிறது?”

புல் முழுவதையும் விலக்கச் சொன்னேன்.

சாயந்திரம் மேரியிடம் ஃபண்டு படிவத்தைக் கேட்டு வாங்கினேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், “அந்த ரெண்டும் பாதியாக் கரைஞ்சா தூங்குவீங்களா?” என்று கேட்டாள். மீதி எட்டு டெபாசிட்டில் இருக்கிறதே, தூங்குவேன் என்றேன்.

தொகையை எழுதிவிட்டேன். டயரிக்குப் பேனா, படிவத்துக்குப் பென்சில்.

இன்றும் பனி விழும். நாற்றுகளை மூடிவிட்டுத்தான் வந்தோம். காலையில் வெயில் வந்ததும் முதலில் அவற்றைத் திறக்க வேண்டும். பென்சில் மேல் பேனா ஓட்டுவது அதற்குப் பிறகு.