நாட்டார் முன்னே கேட்ட கேள்வி

முருகன் துணை
புதுச்சேரி, 6-2-1961

அன்புத் தங்கை வசந்தாவுக்கு,

அன்று உன் படிப்புக்காக வீடு வீடாகக் கேள்வி கேட்டு எழுத நீ வந்தபோது முத்தம்மாள் வீட்டில் இருந்தவர்கள் நீ, நான், முத்தம்மாள், அவள் புருஷன் இருசப்பன், ஆக நான்கு பேர். கதவும் சாத்தியிருந்தது. அப்படியிருந்தும் நேற்று மீன் கொண்டுவந்தவள் கூடையை இறக்காமலே நின்றாள். "உங்க தங்கச்சி எழுதினத சோதிக்க மெட்ராஸ்லேருந்து ஆபீசர் வராராமே. எம் பேரு அதுல இருக்காம்மா?" என்று கேட்டாள்.

சர்க்கார் கொடுத்த நைலான் வலை எங்கே என்று நீ கேட்டதற்கு, கைநாட்டை வாங்கிக்கொண்டு வலையைக் குப்பத்துத் தலைவர் நாட்டாரே வைத்துக்கொண்டார் என்று முத்தம்மாள் சொல்லிவிட்டாள். இருசப்பன் போவதே நாட்டார் படகில்தான். தெரிந்தால் அவனை ஏற்றமாட்டார், ஊரே ஒதுக்கிவைக்கும். என்னை நம்பித்தானே வாயைத் திறந்தாள்? அவள் பேரை எடுத்துவிடு. ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

அக்கா அமிர்தவல்லி

சென்னை, 10-2-1961

அன்புள்ள அக்கா,

பயப்படாதே. வீட்டில் உட்கார்ந்தே கற்பனையாகப் பதில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அதனால் பேரும் வீடும் இல்லாத பதிலை எங்கள் சார் ஏற்கமாட்டார். சில வீடுகளுக்கு அவரே போய்த் திரும்பக் கேட்பார். அதில் தேறினால்தான் எனக்குச் சான்றிதழ், வேலை எல்லாம். தனியாகத்தான் கேட்பார், அது இந்தத் தொழிலின் முதல் விதி. நீயும் கூட இரு, முத்தம்மாளுக்குத் தைரியமாக இருக்கும்.

உன் வசந்தா

முருகன் துணை
புதுச்சேரி, 17-2-1961

அன்புத் தங்கைக்கு,

உங்கள் சார் நேற்று வந்தார். நாட்டார் நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதில் உட்கார்ந்தபடியே முத்தம்மாளைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்குள் போய்க் கேளுங்கள் என்று கெஞ்சினேன். "இங்கயே நல்லா காத்து வருதும்மா" என்றவர், நீ எழுதியதை எல்லோர் காதிலும் விழ வாசித்தார்.

முத்தம்மாள் தலை நிமிரவில்லை. "நான் அப்பிடி சொல்லவே இல்லீங்க."

நாட்டார் சிரித்தார். "டவுன் பொண்ணு கத கட்டியிருக்கு சார்."

சார் என் பக்கம் திரும்பி, நீங்களும் கூட இருந்தீர்களாமே, அவள் சொன்னாளா இல்லையா என்று கேட்டார். என் நெற்றியில் திருநீறு இருந்தது வசந்தா. "சொல்லலீங்க" என்றேன்.

உன் பேருக்கு எதிரே சிவப்பு மையால் கோடு போட்டார்.

இருசப்பன் இன்று விடியற்காலை படகில் போனான். அதற்கு நன்றி சொல்லச் சாமி கும்பிடப் போனேன், வாய் வரவில்லை. சாருக்கு உண்மையை எழுதிப்போடலாம் என்று காகிதம் எடுத்தேன். அதையும் நாட்டாரை வைத்துக்கொண்டே வாசிப்பாரோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

உன் படிப்பு என் ஒரு வார்த்தையில் போயிற்று. திட்டுவதானால் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. சீக்கிரம் பதில் போடு.

அக்கா அமிர்தவல்லி