"மாத்தியாச்சு மக்கா"

இன்று காலை என் மைத்துனன் முற்றத்தில் பைக் எஞ்சினைப் பிரித்துப் போட்டு மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். வாசனை மூக்கில் ஏறியதுமே கல்ஃப் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது. "அத்தான், ஏன் இப்பிடி வேர்க்கு?" என்றான். எங்கள் ஊர் பூதப்பாண்டியில் இதை யாரிடம் சொல்ல? உனக்குத்தான் விளங்கும். நீயோ இல்லை.

கல்ஃபில் அந்தப் பட்டறையில் நம் மாவட்டத்துக்காரர்கள் நாம் இரண்டு பேர்தான். விமானம் ஓட்டப் பழகுகிற பிள்ளைகளின் சின்ன விமானங்களிலிருந்து பிஸ்டன் எஞ்சின்கள் வரும். பிரித்த பாகங்களில் கரியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் போக்குவது நம் வேலை. நான் ஒரே பாகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் உனக்குப் பொறுக்காது. "போதும்லே, இதைப் பொண்ணு பாக்க ஆளு வருதா?" என்பாய். உன் ஊர் அருமனையின் வாய் உனக்கு.

அன்றைக்கு எஞ்சினின் வெளிக்கூடு. அதை மூடிய பெட்டிக்குள் வைத்து, ரவையைவிடப் பொடியான கண்ணாடி மணிகளைக் காற்றோடு பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்யவேண்டும். அதற்கு முன் எண்ணெய் ஓடும் துளைகளையெல்லாம் ரப்பர் அடைப்பு வைத்து மூடியாகவேண்டும். மணிகள் உள்ளே தங்கினால் எண்ணெயோடு போய் பேரிங்கைத் தின்று எஞ்சினை நிறுத்திவிடும். கார் என்றால் ஓரமாக நிறுத்தலாம். வானத்தில் எங்கே நிறுத்துவது?

பழைய அடைப்புகள் வெடித்திருந்தன. கம்ப்ரசர் இரைச்சலில் நான் கத்தினேன்: "அடைப்பெல்லாம் மாத்தியாச்சா?"

கழுவும் தொட்டிப் பக்கமிருந்து நீ கத்தினாய்: "மாத்தியாச்சு மக்கா!"

பெட்டியின் கண்ணாடி தூசியில் மங்கிக் கிடந்தது. துளைகள் தெரியவில்லை; உன் பேச்சை நம்பி மணிகளை அடித்துவிட்டேன். அப்போதுதான் புது அடைப்புகளைக் கையில் ஏந்திக்கொண்டு நீ வந்து நின்றாய்.

"மாத்தியாச்சுன்னு சொன்னியேலே!"

"ஆமா, பழசை எடுத்து மாத்தியாச்சு. இனிதானே புதுசு போடணும்!"

"எங்க ஊருல மாத்துறதுன்னா புதுசு போடுறதுலே, பாவி!"

மலையாளம் கலந்த உங்கள் பக்கத்தில் மாற்றுவது என்றால் அப்புறப்படுத்துவது. அதை நான் யோசிக்கவில்லை. உன் உதடு வெளுத்திருந்தது.

அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். கழுவினோம், துளைகளில் காற்று அடித்தோம், மறுபடி கழுவினோம். வடித்ததை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தோம். முதலில் மணிகள் மின்னின, பிறகு இல்லை. உள்ளே கேமரா விட்டும் பார்த்தார்கள். எஞ்சினைப் பூட்டி ஓட்டியபின் மணி ஏதும் சிக்கியிருக்கிறதா என்று எண்ணெய் ஃபில்டரை வெட்டித் திறக்கும்போது நீ கண்ணை மூடிக்கொண்டாய். "நீ பாருலே, என்னால ஆவாது." ஃபில்டர் சுத்தமாக இருந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். அவர் போட்டால் நம் பயம் போய்விடுமா?

நாம் இருவரும் ஊருக்கு வந்தபிறகும் வாரம் தவறாமல் போன் செய்வாய். சுகமா என்றுகூடக் கேட்கமாட்டாய்.

"ஒண்ணும் கேக்கல்லியே?"

"இல்ல மக்கா."

"அப்ப சரி."

அந்த எஞ்சின் பூட்டிய விமானம் விழுந்ததாகச் செய்தி எதுவும் காதில் விழவில்லையே என்பதுதான் உன் கேள்வி. வீட்டில் சொல்லிப் பயமுறுத்தவேண்டாம் என்று இருவரும் வைத்துக்கொண்டோம்.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஆஸ்பத்திரியில கடைசியா என் கையப் புடிச்சுகிட்டு, 'ஒண்ணும் கேக்கல்லியே, ஒண்ணும் கேக்கல்லியே'ன்னு கேட்டாவ அண்ணே. பேசுறது எனக்குக் கேக்கல்லியோன்னுதான் கேக்காவன்னு நெனச்சேன். 'கேக்கு, நல்லா கேக்கு'ன்னு காதுக்குள்ள சொன்னேன். ஒரு மாதிரி முழிச்சாவ. அப்புறம் பேசவே இல்ல."

நீ கேட்டது எதைப் பற்றி என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

என்ன நினைத்துக்கொண்டு போனாய், மக்கா? அது விழுந்த செய்தி அவள் காதில் கேட்டுவிட்டது என்றா? அது விழவில்லை. ஏதோ ஒரு பிள்ளையைச் சுமந்துகொண்டு இன்றைக்கும் பறக்கிறது. ஒண்ணும் கேக்கல்ல, கேட்டியா? இதுவரை ஒண்ணும் கேக்கல்ல. நாளைக்கு என்ன கேட்பேனோ என்ற பயத்தோடு நான் ஒருத்தன்தான் மிச்சம் இருக்கிறேன்.