ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த உங்களுக்கு

இன்று காலை திருத்த எடுத்த நோட்டு ஒன்றில் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. பெற்றோர் கையெழுத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். எந்த அப்பாவோ ஷிப்ட் முடிந்த கையோடு போட்டிருக்கிறார். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் பள்ளியில் இது புதிதில்லை. ஆனாலும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன், அண்ணே.

முதல் தடவை நீங்கள் வந்ததும் அந்த வாசத்தோடுதான். உலக மதங்கள் பாடம் நடந்துகொண்டிருந்த சமயம். புத்தகத்தில் இருந்த நாலு பக்கம் போதாதென்று, இணையத்தில் வழிபாட்டு இடங்களைச் சுற்றிப் பார்க்கும் படங்களை ஸ்மார்ட் போர்டில் காட்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைதோறும் ஒரு பிள்ளை ஒரு செய்தி கொண்டுவர வேண்டும். எங்கேயோ ஒரு பண்டிகை, எங்கேயோ ஒரு யாத்திரை. அதை எதற்காகச் செய்கிறார்கள் என்று மற்ற பிள்ளைகள் தேடிச் சொல்ல வேண்டும். உங்கள் மகள் தேடியது உங்கள் போனில்.

வராந்தாவில் நின்று போனை என் முகத்துக்கு நேராக நீட்டினீர்கள். "இன்னா டீச்சர் இது? தொறந்தா ஒரே பள்ளிவாசலும் குருத்வாராவுமா வந்துக்கினு இருக்குது. ஊட்ல கேக்குறாங்க, நீ எந்த மதத்துக்கு மாறப்போறன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "நீங்க பாடம் நடத்துறீங்களா, வேற எதுனா நடத்துறீங்களா?" என்று கேட்டீர்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை கடைசி பீரியடுக்கு நீங்களே வந்து உட்காருங்கள் என்றேன். வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

வந்தீர்கள். கம்பெனி சட்டையோடு, முட்டி இடிக்கும் கடைசி பெஞ்சில்.

அந்த வாரம் வடக்கே ஏதோ ஒரு ஊரில் கலவரம் என்று செய்தி. அதோடு ஒரு வீடியோவும் போன் போனாகச் சுற்றியது. கோயில் ஒன்று எரிகிறது, கும்பல் ஓடுகிறது. செய்தது இன்ன மதத்துக்காரர்கள் என்று கீழே எழுத்து. பிள்ளைகள் இரண்டு நாளாக அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து சாப்பிடும் இரண்டு பெண்கள் தனித்தனியே உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான், அன்றைய பாடத்துக்கு அதையே எடுத்தேன். வீடியோவைக் காட்டவில்லை. அதிலிருந்து ஒரு படத்தை மட்டும் போர்டில் போட்டு, இது முதலில் எங்கே வந்தது என்று இணையத்தில் தேடச் சொன்னேன்.

உங்கள் மகள்தான் முதலில் பிடித்தாள். "மிஸ், கடை போர்டுல இருக்குறது நம்ம நாட்டு எழுத்தே இல்ல." தேடலில் அதே படம் வந்தது. வேறொரு நாடு, பல வருஷம் முன்னால் மின்கசிவில் எரிந்த சந்தை. அது கோயிலே இல்லை.

வகுப்பு கலகலத்தது. அப்போது பெஞ்ச் நகரும் சத்தம். நீங்கள் எழுந்து நின்றீர்கள், பதில் சொல்ல எழுந்த மாணவனைப் போல.

"நானும் இத அனுப்புனேன் டீச்சர். ரெண்டு குரூப்புக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நீங்கள் அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்துச் சொன்னீர்கள்: "எங்க தெருவுல அந்த மதத்துக்காரங்க மூணு பேர் வாடகைக்குக் கீறாங்க. வடக்க இருந்து வந்து எங்க கம்பெனிலதான் வேலை செய்றாங்க. இத பாத்துட்டுத்தான் ஓனரம்மா காலி பண்ணச் சொல்லிடுச்சி."

மணி அடித்ததும் நேராக அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனீர்கள். மறுநாள் பள்ளி வாசலில் நின்று நடந்ததைச் சொன்னீர்கள். அவர்கள் இருக்கலாம் என்று அந்த அம்மா சம்மதித்துவிட்டாராம். ஆனால் அப்போது அங்கே மிஞ்சியிருந்தது இரண்டு பேர்தான். மூன்றாமவர், உங்கள் பக்கத்து மெஷின்காரர், நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ரயிலேறிவிட்டிருந்தார். அவர் திரும்பி வரவேயில்லை.

"தப்புன்னு தெரிஞ்சா, அனுப்புன எடத்துலயெல்லாம் சொல்லணும் இல்ல டீச்சர்?" என்றீர்கள். மகளை வைத்துத் தமிழில் அடித்து இரண்டு குரூப்பிலும் போட்டீர்கள். ஒன்றிலிருந்து உங்களை நீக்கிவிட்டார்கள். "பேஜாரு வுட்டுச்சி" என்றீர்களே தவிர, முகம் வாடித்தான் இருந்தது.

நோன்பு மாதத்தில் மீதி இருவரில் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்தீர்கள். நோன்பைப் பற்றி இணையத்தில் படித்ததைப் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். அவர் பாதித் தமிழில், உலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது மதியம் மூன்று மணிக்கு நாக்கு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னார். உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நீங்களே நோன்பு இருந்த மாதிரி.

பிறகு நீங்கள் நோயில் படுத்துவிட்டீர்கள். கடைசியாக நான் உங்களைப் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலையணையில் சாய்ந்திருந்தீர்கள். மகள் காபி போட உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டீர்கள்:

"அந்தப் படம் போர்டுல போட்டீங்களே, உங்களுக்கு எப்டி கெடச்சுது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எங்க டீச்சர்ஸ் குரூப்ல வந்துச்சு அண்ணே. திங்கக்கெழமையே."

"நீங்க யாருக்கும் அனுப்பல."

"அனுப்பல. தப்புன்னும் சொல்லல. அன்னைக்கே தேடிப் பாத்திருக்கலாம். எதுக்கு வம்புன்னு வுட்டுட்டேன்."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "நீங்க திங்கக்கெழமையே சொல்லியிருந்தா, அவன் ரயிலேறியிருக்க மாட்டானோ?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டீர்கள். காபி வந்தது. பேச்சு மகளின் பரீட்சைக்குப் போனது. பத்து நாளில் நீங்கள் இல்லை.

உங்கள் மகள் இப்போது பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறாள். நான் அதே பாடத்தை அதே போர்டில் நடத்துகிறேன். நன்றாக நடத்துவதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் நான் எப்போதும் தைரியசாலி. பெரியவர்களுக்கு முன்னால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன வாரம் திங்கட்கிழமை எங்கள் டீச்சர்ஸ் குரூப்பில் ஒரு படம் வந்தது. வேறொரு ஊர்வலம், வேறொரு மதம், அதே மாதிரியான எழுத்து. அனுப்பியவர் என்னைவிட மூத்தவர், தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். தேடினேன், பழைய படம். மூலத்தின் இணைப்போடு, "இது தவறு சார்" என்று அடித்தேன். அழித்தேன். யாரோ ஒருவர் எந்தத் தெருவிலோ பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. திரும்ப அடித்து அனுப்பினேன்.

ஒருவரும் பதில் போடவில்லை. அவர் இப்போது வேறு மேசையில் சாப்பிடுகிறார். நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் தெரியவில்லை, அண்ணே. ஆனால் இந்தத் தடவை திங்கட்கிழமையே சொல்லிவிட்டேன்.