உன் ஊறுகாய் டப்பாவில் என் கண்ணாடி

என் பிரிய ஹேமா,

உன் அறைக்கு இப்போது நான்தான் வருகிறேன். துவாரகாவில் நீ வேலை பார்த்த அதே பள்ளி, மாடிப்படிக்குக் கீழே அதே அறை. நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்தபின் பேச்சுப் பயிற்சிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் செய்யும் இதே பயிற்சி வேலை போக வாரத்தில் இரண்டு நாள் வருகிறேன்.

உன் சாமான்கள் எதையும் நான் மாற்றவில்லை. சோப்புக்குமிழி பாட்டில், கைப்பொம்மைகள், சாவி கொடுத்தால் குதிக்கும் தவளை, உள்ளே இருப்பது வெளியே தெரியும் அந்தப் பழைய ஊறுகாய் டப்பா. எத்தனை கழுவியும் மாங்காய் வாசனை போகவில்லை. இதைப் பொம்மைக்கடை என்று நான் சொன்னபோது நீ கோபப்படவில்லை. "அண்ணி, உங்க டெஸ்ட் பேப்பரப் பாத்தா எந்தக் குழந்தைக்குப் பேசணும்னு ஆசை வரும்?" என்று மட்டும் கேட்டாய். ஆசை வந்தால் பேச்சு வரும் என்பதற்கு என்ன ஆதாரம் என்றேன். சிரித்தாய். எனக்கு இப்போதும் முழு நம்பிக்கை வந்துவிடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கயலை உனக்குத் தெரியாது. ஆறு வயது. அவள் அம்மா செல்விக்கு விழுப்புரம் பக்கம். இங்கே அடுக்ககங்களில் வீட்டு வேலை செய்கிறாள். கயலுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. தமிழில் சொன்னாலும் இந்தியில் சொன்னாலும் புரிகிறது. ஆனால் பள்ளியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டிலும் கையைத்தான் காட்டுவாளாம். இந்தப் பருவம் முடிவதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடுவதாகப் பிரின்சிபால் சொல்லிவிட்டார். அது நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. வேலையை விட்டால்தான் செல்வியால் தினமும் கூட்டிப்போய் வர முடியும்.

முதலில் என் பட அட்டைகளைக் காட்டினேன். கயல் கதவைப் பார்த்தாள். பிறகுதான் உன் டப்பாவை எடுத்தேன். தவளையை உள்ளே போட்டு, மூடியை இறுக்கிக் கொடுத்தேன். திறக்கப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "கேளு, கயல்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

உன் வித்தையில் கஷ்டமான பகுதி அந்தக் காத்திருத்தல்தான், இல்லையா? பள்ளி ஆயாவால் பொறுக்க முடிவதில்லை. "அரே தீதி, கோல் தோ நா", திறந்துதான் குடுங்களேன் என்று பிடுங்கித் திறந்து கொடுத்துவிடுவாள். செல்வியும் அப்படித்தான். "அது வாயத் தொறக்கறதுக்குள்ள எனக்கே தெரிஞ்சிடும் மேடம்" என்றாள், பெருமையாக. அந்தப் பெருமையை நோகடிக்காமல் எப்படித் திருத்துவது? நீ என்ன சொல்லியிருப்பாய்? கொஞ்ச நாளைக்குத் தெரியாத மாதிரி நடிக்கச் சொன்னேன்.

போன வாரம் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது என் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. மேசைமேல்தான் வைத்திருந்தேன். நான் திறந்து வைத்திருந்த டப்பாவை மூடி, கயல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே தவளைக்குப் பக்கத்தில் என் கண்ணாடி.

கையை நீட்டினேன். அவள் தரவில்லை. பேசாமல் என் முகத்தையே பார்த்தாள். நான் அவளைப் பார்ப்பேனே, அதே பார்வை, அதே பொறுமை. நானும் பேசாமல் நின்றேன். வாய்விட்டுக் கேட்பது எனக்கு வராது என்று உனக்குத் தெரியுமே. சாப்பாட்டுப் பந்தியில் உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்துபோய் எடுத்துக்கொள்கிறவள் என்று கேலி செய்வாயே.

"கேளு," என்றாள் கயல்.

கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் தெளிவாக.

"என் கண்ணாடியக் குடு, கயல்," என்றேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த செல்வி, "மேடத்தப் போயி கேளுன்றியே, கேளுங்கன்னு சொல்லுடி" என்று அதட்டினாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு வார்த்தையை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட மாட்டேன். அன்று அதற்குமேல் அவள் பேசவில்லை. நேற்று, தவளைக்காக, "தொற" என்றாள். அறிக்கையில் இரண்டு வார்த்தை என்றுதான் எழுத முடியும்.

செவ்வாய்க்கிழமை பிரின்சிபாலே வந்து பார்க்கப்போகிறார். நல்ல மனுஷி, ஆனால் அவசரக்காரர். கயல் டப்பாவை நீட்டினால் அந்த நிமிஷமே திறந்து கொடுத்துவிடுவார். ஆயா வேறு வாசலில் நிற்பாள்.

அவர்கள் கையை நான் பிடித்துக்கொள்கிறேன், ஹேமா. எவ்வளவு நேரமானாலும் சரி. அவள் கேட்கும்வரை அந்த மூடியை யாரையும் தொடவிட மாட்டேன்.

உன் அண்ணி,
சுமதி